கேட்டது நாற்பது, வந்தது முப்பத்தொன்று

காலை ஐந்தேகால். ராணிப்பேட்டை முத்துக்கடையில் டீக்கடை பாய்லர் மட்டும் புகைந்துகொண்டிருக்கும். கம்பெனி பஸ் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். பஸ் வாசலில் கையில் பரீட்சை அட்டையோடு ஒருவர் ஏறுகிறவர்களை டிக் அடித்துக்கொண்டிருப்பார். கம்பெனி கேட்டது நாற்பது பேர். வந்திருப்பது முப்பத்தொன்று. மீதி ஒன்பது பேருக்கும் வரிசையாக போன் போவதைப் பார்க்கலாம். ஒருத்தருக்கு காய்ச்சல், ஒரு வீட்டில் சாவு, மூன்று பேர் போனையே அணைத்துவிட்டார்கள், மற்றவர்கள் எடுக்கவில்லை. பஸ் கிளம்பிவிடும். ஏழு மணிக்கு ஒரகடம் பக்கம் லைன் ஓட ஆரம்பிக்கும்போது ஒன்பது இடம் காலியாக இருக்கும். எட்டு மணிக்கு ஹெச்.ஆரிடமிருந்து போன் வரும்.

அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு ஏழு வருஷம் நின்றவன் நான். கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்சி எப்படி ஆள் எடுக்கிறது என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இன்டர்வியூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு அவர்களைக் காசைப் பார்க்கச் சொல்வேன். ஏஜென்சிக்கு யார் பணம் தருகிறார், எப்போது தருகிறார் என்று தெரிந்துவிட்டால், அது ஏன் ஒரு நாள் பத்து முறை போன் செய்கிறது, மறுநாள் ஏன் போனையே எடுப்பதில்லை என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

நம் பக்கத்துக்கு ஆள் சேர்க்கும் தொழில் புதிதல்ல. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும் பகுதி வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்துத் தமிழர்கள். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் போனது. அதற்குப் பின் போன கப்பல்களிலும் வட ஆற்காட்டுக் கிராமத்தார் நிறையப் பேர். ஊருக்குள் வந்து பேசி, முன்பணம் கொடுத்து, கூட்டிக்கொண்டு போன மேஸ்திரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்தது. முன்பணம் வாங்கியவர் கடனாளி. அதனால் சுரங்கத்திலோ தோட்டத்திலோ மேஸ்திரி பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது. இன்று அலுவலகம், கம்ப்யூட்டர், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூர் மாவட்டமான பகுதி 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. தொழில் வரைபடம் அந்த எல்லைகளைக் கேட்டு நடப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் தோலும் ஷூவும். ராணிப்பேட்டை சிப்காட்டில் கெமிக்கல், தோல், இன்ஜினீயரிங். பக்கத்தில் பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை. சோளிங்கர் பக்கம் வண்டி பிரேக் பாகங்கள். செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் காலணி ஆலைகள். பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. இதற்கெல்லாம் மேலே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் தினமும் பஸ் பஸ்ஸாக ஆள் போகிறது.

ஊரில் "கன்சல்டன்சி", "மேன்பவர்", "கான்ட்ராக்ட்" என்று மூன்று பெயர்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரே தொகையாகக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வது ஒரு வகை. சூப்பர்வைசர், இன்ஜினீயர், அக்கவுண்டன்ட், மேனேஜர் வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்புகின்றன. ஆளைத் தன் சம்பளப் பட்டியலிலேயே (பேரோல்) வைத்துக்கொண்டு மாதாமாதம் கம்பெனிக்கு பில் போடுவது இன்னொரு வகை. ஃபேக்டரி லைனில் நிற்கும் சி.எல்., அதாவது ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்த வகை. வேலை தேடி வருகிறவரிடமே கை நீட்டுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபேக்டரி வேலை ஒரு மெயிலில் ஆரம்பிக்கும். "அசெம்பிளி 25 ஆண், பேக்கிங் 15 பெண், 18 முதல் 28 வயது, 12ஆவது அல்லது ஐ.டி.ஐ., திங்கள் ஜாயினிங்." மெயில் வருவது வியாழன் மாலையாக இருக்கும். ஆன்லைனில் விளம்பரம் போட்டுக் காத்திருக்க நேரமில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒட்டும் "ஆட்கள் தேவை" நோட்டீஸுக்கு வருகிற போன்களில் பாதி, சம்பளத்தைக் கேட்டதும் கட்டாகிவிடும். உண்மையில் ஆள் கிடைப்பது கிராமத்துக்கு ஒருவர் என்று நாங்கள் வைத்திருக்கும் தொடர்பில்தான். அவர் ஏற்கெனவே கம்பெனி போய் வருகிற ஒரு அக்காவாக இருப்பார், அல்லது செல்போன் கடை வைத்திருக்கும் தம்பியாக இருப்பார். ஒரு அக்கா சொன்னால் நாலு வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள். அப்பாக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி சம்பளமாக இருக்காது. "பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் சார்?" என்பதுதான்.

ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குக் கல்லூரி வாசலிலேயே முகாம் நடக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் ஏஜென்சிகள் மேஜை போட்டு உட்காரும். தமிழ்நாடு அரசு நடத்தும் தனியார் வேலை இணையதளமும் இருக்கிறது. அங்கே பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் நம் பிள்ளைகள் அதைக் கொஞ்சமாகத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஆள் தேர்வு செய்வதை நேரில் பார்த்தால், எவ்வளவு சின்ன விஷயத்தில் ஒருவர் தேறுகிறார் என்பது தெரியும். ஃபிட்டர், டர்னர், சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்கு வருகிற பையன் கையில் வெர்னியர் காலிப்பரையும் ஒரு இரும்புத் துண்டையும் கொடுப்போம். மெயின் ஸ்கேலில் 24 தாண்டியிருக்கிறது, வெர்னியரில் பதினேழாவது கோடு நேராகச் சேர்கிறது. 0.02 மில்லிமீட்டர் அளக்கும் கருவி. அப்படியென்றால் 24.34 என்று சொல்ல வேண்டும். சர்டிஃபிகேட்டில் எண்பது விழுக்காடு வாங்கியவன் திணறுவான். பட்டறையில் மாமாவோடு இரண்டு வருஷம் நின்றவன் கருவியைக் கையில் வாங்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதித் தையலுக்கு வரும் பெண்ணுக்குத் தோல் துண்டில் வெள்ளிப் பேனாவால் வளைவுக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். நேர்க்கோட்டில் எல்லாருமே தைத்துவிடுவார்கள். வளைவில் தையலுக்குத் தையல் இடைவெளி மாறாமல், ஓரத்திலிருந்து விலகாமல் வருகிறதா என்றுதான் சூப்பர்வைசர் பார்ப்பார். தோலில் ஊசி ஒரு முறை இறங்கிவிட்டால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பழகியவர்களுக்கு மோட்டார் மிஷினின் வேகம் பிடிபட ஒரு வாரமாவது ஆகும். நல்ல கம்பெனி அந்த ஒரு வாரத்தைத் தருகிறது. வயரிங், எலக்ட்ரானிக்ஸ் லைனுக்கு நிறக்குருடு சோதனை உண்டு. தனக்கு அது இருப்பது அன்றுதான் பல பேருக்குத் தெரியவரும்.

தேர்வைவிட எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது ஜாயினிங் பேப்பர்கள்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் பின்னால், பத்தாவது மார்க் ஷீட்டில் பிறந்த தேதியே வேறு. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பி.எஃப். கணக்கில் கே.ஒய்.சி. என்கிற அடையாளச் சரிபார்ப்பு ஏறாது. மூன்று வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். இன்னொன்று, பழைய ஏஜென்சி, வேலையை விட்ட தேதியைக் குறிக்காமல் விட்டிருப்பது. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கடந்துவிட்டால் அந்தத் தேதியைத் தொழிலாளியே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். இது தெரியாமல் அந்த ஏஜென்சி வாசலுக்கு நடையாய் நடந்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி பில் கணக்கு. ஒருவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்துச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதில் அவர் பங்காகப் பி.எஃப். 12 விழுக்காடு, 1,800 போகும். இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, 113 ரூபாய். கையில் வருவது 13,087. கேன்டீன் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். இதே ஆளுக்குக் கம்பெனி பக்கத்தில் கணக்கு வேறு. முதலாளி பங்கு பி.எஃப்., காப்பீடு, நிர்வாகக் கட்டணத்தோடு 13 விழுக்காடு, அதாவது 1,950. இ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு, 488. போனஸுக்கென்று 8.33 விழுக்காடு ஒதுக்கினால் 1,250. ஆக 18,688. அதன் மேல் ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் 7 விழுக்காடு என்றால் 1,308. இதற்கெல்லாம் மேலே 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 3,599. பில் தொகை 23,595 ரூபாய். இதை அரைகுறையாகக் கேள்விப்படுகிற தொழிலாளி, "கம்பெனி இருபத்தி மூணாயிரம் தருதாம், பதிமூணுதான் நம்ம கைக்கு வருது, மீதியை ஏஜென்சி தின்னுடுது" என்று கொதிக்கிறார். முறையாக நடக்கும் இடத்தில் ஏஜென்சிக்கு நிற்பது அந்த 1,308தான். வரி அரசுக்குப் போகிறது. பி.எஃப்.பில் முதலாளி பங்கும் கடைசியில் தொழிலாளி பேரில்தான் சேர்கிறது.

முறையாக நடக்காத இடம் எப்படி உருவாகிறது என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. 200 பேரை வைத்திருக்கும் சின்ன ஏஜென்சிக்குச் சம்பளமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸும் சேர்த்து மாதம் 37 லட்சத்துக்கு மேல் ஆகும். சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போட வேண்டும். பி.எஃப். 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கம்பெனி பில்லை பாஸ் செய்து பணம் அனுப்ப 45 நாள் ஆகும், சில இடத்தில் 60. இடைப்பட்ட நாளுக்கு ஏஜென்சிதான் வட்டிக்கு வாங்கியாவது கைப்பணம் போட வேண்டும். வட்டி ஏறும்போது முதலில் கை வைக்கப்படுவது பி.எஃப்.பில்தான். சம்பளம் ஒரு நாள் தாமதமானால் பஸ்ஸில் ஆள் ஏறாது. பி.எஃப். மூன்று மாதம் கட்டாவிட்டாலும் பஸ் நிறைந்துதான் வரும். இன்னொரு ஏஜென்சி சர்வீஸ் சார்ஜ் வெறும் 3 விழுக்காடு என்று கோட் செய்து கான்ட்ராக்டைப் பிடித்தால், அந்த லாபத்தில் அலுவலகம் நடத்த முடியாது என்பது பேனா வைத்துப் போட்டாலே தெரியும். மீதியை எங்கே ஈடுகட்டுவார்? ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையில். சட்டப்படி ஓ.டி. இரட்டைச் சம்பளம். ஒற்றையாகக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்கு இரட்டையாக பில் போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் அந்த வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்குப் பூட்டு இல்லாமல் இல்லை. கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளியான கம்பெனியே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே உள்ள விதி. பி.எஃப்.புக்கும் அதுவே. அதனால்தான் விவரமான கம்பெனிகள் போன மாதத்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலானையும் சம்பளப் பட்டியலையும் சேர்த்து வைக்காத பில்லைத் தொடுவதே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இந்தப் பொறுப்பைத் தொடர்கின்றன. அதோடு ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. ஆனால் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக ஏறியிருக்கிறது. நம் ஊரில் முப்பது, நாற்பது பேரை வைத்து நடத்தும் கான்ட்ராக்டர்கள்தான் அதிகம் என்பதால் எனக்கு இது கவலை தருகிறது.

தமிழ்நாட்டுக்கென்று 1981இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த 480ஐ எட்டவிடாமல் செய்யும் கலையில்தான் சில இடங்களில் ஏஜென்சிகள் பயன்படுகின்றன. ஒரு ஏஜென்சி பேரில் பதினோரு மாதம், நடுவில் பத்து நாள் பிரேக், பிறகு வேறு ஏஜென்சி பேரில் புது அடையாள அட்டை. மிஷினும் அதே, சூப்பர்வைசரும் அதே, பஸ்ஸும் அதே. அட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். என்னிடம் ஒரு பெண் ஒரே கம்பெனியின் பேரோடு நாலு நிற அட்டைகளை மேஜையில் பரப்பி, "இதுல எந்த ஆபீஸ்ல போய் நான் கேக்கறது சார்?" என்றாள். அட்டை, சம்பளச் சீட்டு, பஸ் பாஸ் எதையும் தூக்கிப் போடாதேம்மா, எல்லாம் சாட்சி என்று மட்டும்தான் அன்று என்னால் சொல்ல முடிந்தது.

சம்பளம் உயர்ந்த வேலைகளுக்குப் போனால் காட்சியே மாறிவிடும். இங்கே ஏஜென்சிக்கு வருவது ஒரு முறைத் தொகை. வழக்கமாக ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம் என்று பேசுவார்கள். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் விலகிவிட்டால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருக்கும். இன்டர்வியூ வரை தேனாகப் பேசிய கன்சல்டன்ட் ரிஜெக்ட் ஆனதும் ஏன் போனை எடுப்பதில்லை என்றால், அவருக்கு நீங்கள் சேர்ந்தால்தான் காசு. அது சரியென்று சொல்ல வரவில்லை. "இல்லை தம்பி, இந்த முறை வரலை" என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

நம் பக்கத்தில் தேடக் கடினமான ஆட்கள் யார் என்று பார்த்தால் வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். சான்றிதழ் பெற்ற பாய்லர் அட்டெண்டன்ட். பாதுகாப்பு அதிகாரி. மருந்துக் கம்பெனியில் மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதிக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியைக் கையாளத் தெரிந்த கெமிஸ்ட். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தத் தெரிந்தவர். இந்தக் கடைசி ஆளின் தேவைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவைச் சுத்திகரிக்காத டேனரி (தோல் பதனிடும் ஆலை) இயங்க முடியாது என்று ஆன பிறகு, அந்த நிலையங்களை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஒரு புதுத் தொழிலே இங்கே பிறந்தது.

இப்படிப்பட்டவர்களை இணையத்தில் தேடினால் நூறு பயோடேட்டா விழும். சென்னையில் இருப்பவர் ராணிப்பேட்டை என்றதும் மனைவி வேலை, பிள்ளை ஸ்கூல் என்று தயங்குவார், நியாயம்தான். நான் கண்டுகொண்ட வழி, பயோடேட்டாவின் அடியில் இருக்கும் நிரந்தர முகவரியைப் பார்ப்பது. குடியாத்தம், ஆற்காடு, திமிரி, அரக்கோணம் என்று இருக்கும். ஆள் ஓசூரிலோ புனேயிலோ இருப்பார். வயதான அம்மா ஊரில் தனியாக இருப்பார். அவரிடம் சம்பளத்தைப் பிறகு பேசலாம். "ஊர்ப் பக்கம் வர்ற ஐடியா இருக்கா சார்?" என்று கேட்டால் எதிர்முனையில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனம் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அப்படி வந்தவர்கள் நிலைத்து நின்றார்கள்.

இப்போது அந்தக் கை நீட்டுகிறவர்கள். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், "பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறார், ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஆர்டர்" என்று ரகம் ரகமாக வருவார்கள். கம்பெனியிடம் காசு வாங்கும் ஏஜென்சிக்கு உங்களிடம் வாங்க அவசியமே இல்லை. உங்களிடம் கேட்கிறார் என்றாலே அவருக்குப் பின்னால் கம்பெனி இல்லை என்று அர்த்தம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிறவரும் இதே வகைதான். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டியதுதான் முறை. வெளிநாட்டு வேலைக்கு மட்டும் சட்டமே ஒரு தொகையை அனுமதிக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும். அவர் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாநில அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று ஒரு நிறுவனமும் நடத்துகிறது. வளைகுடாவுக்குப் போகத் தாலிச் சங்கிலியை அடகு வைக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள், தயவுசெய்து.

முத்துக்கடையில் வராமல் போன ஒன்பது பேரிடம் திரும்பிவருகிறேன். அப்படி அடிக்கடி வராதவர்களில் நாலு பெண்கள் காவேரிப்பாக்கத்துக்கு உள்ளே இருக்கும் ஒரே கிராமத்துக்காரர்கள். சோம்பேறிகள் என்று எங்கள் ஆபீஸில் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தோம். ஒரு நாள் நானே அந்த ஊருக்குப் போனேன். மெயின் ரோட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர், ஏரிக்கரை ஓரமாக. ஒரு தெருவிளக்கு கிடையாது. மழைக்காலத்தில் கரையில் பாம்பு. காலை ஐந்து மணிக்கு அந்த வழியில் அண்ணனோ அப்பாவோ டார்ச்சோடு கூட வர முடிகிற நாளில் மட்டும் அந்தப் பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். கம்பெனி டிரான்ஸ்போர்ட் மேனேஜர் முதலில் டீசல் கணக்குச் சொன்னார். நாலு இடம் காலியாக ஓடும் லைனுக்கு என்ன கணக்கு சார் என்று கேட்டேன். ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, ஊருக்குள் ஒரு வேன் போக ஒத்துக்கொண்டார். வேன் போன முதல் வாரத்தில் அந்த நாலு பேரோடு, நாங்கள் கேட்காமலேயே இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள்.